மூன்று மங்கள வார்த்தை மூச்சு

ஆகஸ்ட் 4, திங்கள்

இது என் பேத்தி ரெனியின் நோட்டு. முன்பக்கங்களில் அவள் போட்ட கணக்குகள் இருந்தன, கிழித்துவிட்டேன். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்னாள்: "பாட்டி என்ன சாப்பிட்டாங்க, எப்ப வலிச்சதுன்னு தினமும் எழுதிட்டு வாங்க." என்னிடம் சொல்லவில்லை. என் தலைக்கு மேலே என் மகள் ஜெசிந்தாவைப் பார்த்துச் சொன்னாள். எனக்கு எழுதத் தெரியுமா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்காகவே நானே எழுதுகிறேன். சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். அந்த நர்ஸுக்கு நெற்றியில் ஒரு தழும்பு. அடையாளம் வைத்திருக்கிறேன்.

வலது விலாவுக்குக் கீழே பத்து நாளாக வலி. வயிற்றில் பசையைத் தடவி ஸ்கேன் பார்த்தார்கள். ஈரலில் இரண்டு இடத்தில் என்னவோ இருக்கிறதாம். ஒன்று எலுமிச்சம்பழம் அளவு, ஒன்று சுண்டைக்காய் அளவு. என்னதென்று அந்த மெஷினில் தெரியாதாம், மதுரைக்குப் போய் எம்ஆர்ஐ எடுக்க வேண்டுமாம். ஜெசிந்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எனக்கு இது புதுச் செய்தி இல்லை. என்னிடம் யாரும் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

சாப்பாடு: காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ரசம் சோறு. வலி: சாயங்காலம் கொஞ்சம்.

ஆகஸ்ட் 6, புதன்

கிட்னி நன்றாக இருக்கிறதா என்று ரத்தம் எடுத்தார்கள். எம்ஆர்ஐக்கு நடுவில் ஒரு மருந்து ஏற்றுவார்களாம், அதற்கு இது தெரிய வேண்டுமாம். ஒரு தாளில் கேள்விகள். உடம்புக்குள் இரும்பு ஏதாவது இருக்கிறதா, தகடு, கம்பி, குண்டு. வலது உள்ளங்காலில் ஒரு சிப்பித் துண்டு இருக்கிறது, முப்பது வருஷமாக. அதைச் சேர்க்கலாமா என்றேன். "எழுதாதம்மா, சிரிப்பாக" என்றாள் ஜெசிந்தா.

சாப்பாடு: கஞ்சி. வலி: இல்லை.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மதுரை. விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீர் கிடையாது. பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒருத்தி பரோட்டா தின்றுகொண்டே வந்தாள்.

கழுத்துச் சங்கிலி, கம்மல், சந்தியாகப்பர் சுரூபம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார்கள். சுரூபம் கழுத்தை விட்டு இறங்கியது இது இரண்டாவது தரம். பச்சை அங்கி ஒன்றை மாட்டிவிட்டு ஒரு பலகையில் படுக்க வைத்தான் சுருளிவேல் என்கிற தம்பி. நல்ல பிள்ளை. மார்பிலும் வயிற்றிலும் கனமான தட்டு ஒன்றை வைத்துக் கட்டினான். காதில் பஞ்சு, அதற்கு மேல் மூடி.

"ஆத்தா, நான் வெளிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பேன். காதுல பேசுவேன். மூச்ச இழுங்க, விடுங்க, அடக்குங்கன்னு சொல்லுவேன். அடக்குனா ஆடக்கூடாது. ஈரலு மூச்சோட சேந்து மேலயும் கீழயும் போகும். ஆடுனா படம் கலங்கிரும். ஒரு இருபது செகண்டு. முடியுமா?"

இருபது செகண்டா என்று கேட்டேன்.

"முடியலன்னா பதினஞ்சு."

நான் சிரித்துவிட்டேன். அந்தத் தம்பிக்கு என்ன தெரியும். பாம்பன் கடலில் பாசி எடுத்தவள் நான், பன்னிரண்டு வயதிலிருந்து ஐம்பத்தாறு வயது வரை. விரலில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, அடியில் போய்ப் பாறையைப் பிடித்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துப் பையில் போட்டு வருகிற வேலை. நாங்கள் செகண்டு எண்ணுவதில்லை. மாதாவை வேண்டுகிற மங்கள வார்த்தை ஜெபம் ஒன்று, இரண்டு, மூன்று. என் மூச்சு மூன்று மங்கள வார்த்தை நிற்கும். இருவர் இருவராகப் போவோம். ஒருத்தி அடியில், ஒருத்தி மேலே. அடியில் இருப்பவள் ஜெபம் சொல்லமாட்டாள், அவளுக்கு வேலை இருக்கிறது. மேலே இருப்பவள்தான் சொல்லுவாள். மூன்று முடிந்ததும் இரண்டு கல்லைத் தண்ணீருக்குள் விட்டு ஒன்றோடு ஒன்று தட்டுவாள். டொக், டொக். கடலுக்கடியில் அந்தச் சத்தம் காதுக்குள்ளேயே தட்டுகிற மாதிரி கேட்கும். கேட்டால் மேலே வர வேண்டும். கையில் என்ன இருந்தாலும் விட்டுவிட்டு வர வேண்டும்.

பலகை உள்ளே போனது. மூக்குக்கு மேலே நாலு விரல்கடையில் வெள்ளைச் சுவர். பயமாக இருக்கும் என்றார்கள். எனக்கு ஒன்றும் இல்லை. பிறகு சத்தம் ஆரம்பித்தது. பழைய வள்ளத்து இஞ்சின் முதல் தடவை கிளம்புகிற மாதிரி. நடுவில் கையில் மருந்து ஏற்றினார்கள், தோள் வரைக்கும் சில்லென்று ஏறியது. கண்ணை மூடினேன். பச்சைத் தண்ணீர், மேலே வெயில் வட்டம் வட்டமாக ஆடியது. வயிற்றுக்குக் கீழே என் கால்கள் லேசாக இருந்தன.

ஐந்தாவதோ ஆறாவதோ தடவை. அடக்குங்க என்றான், அடக்கினேன். மெஷின் தட்டியது, நின்றது. மூச்சு விடலாம் என்று அவன் சொன்னது கேட்டது. ஆனால் அது எனக்குச் சொன்ன மாதிரி இல்லை. கடலுக்கடியில் யார் பேசுவார்கள்? நான் அந்த இரண்டு தட்டுக்காகக் காத்திருந்தேன். ஒன்று முடிந்தது, இரண்டு முடிந்தது, தட்டு வரவில்லை. மேலே இருப்பவள் மறந்துவிட்டாளா என்று கோபமாக வந்தது.

பலகை விருட்டென்று வெளியே வந்தது. சுருளிவேல் முகம் வெளுத்து நிற்கிறான். "ஆத்தா! ஆத்தா! மூச்சு விடுங்க! என்னய்யா இது, என் வேலைக்கே உல வச்சுருவீக போலருக்கே!"

விட்டேன். என்ன தம்பி, இப்போது என்ன ஆகிவிட்டது என்றேன்.

வெளியே வந்ததும் ஜெசிந்தாவிடம் அவன் சொன்னான்: "அக்கா, எட்டு வருசமா இந்த மெஷின்ல இருக்கேன். வயசானவுக படம் பாதி கலங்கித்தான் வரும். இவுக படம் கண்ணாடி மாதிரி இருக்கு."

சாப்பாடு: மூன்று மணிக்கு இட்லி. வலி: தெரியவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

தூங்கிக்கொண்டே இருந்தேன். வலி இல்லை. வேறு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

டாக்டர் வான்மதி நாற்பது வயசு இருப்பாள். என்னைப் பார்த்துத்தான் பேசினாள். அதையும் குறித்துவைக்கிறேன்.

"அம்மா, இந்தப் பெருசு ரத்தக்குழாய் முடிச்சு. சாதுவானது, ஒண்ணும் செய்யாது. மருந்து ஏத்துனதும் ஓரத்துலருந்து மெதுவா நெறையுது பாருங்க. சந்தேகமே இல்ல. உங்க வலி ஈரல்லருந்தே வரல, பித்தப்பையில கல்லு இருக்கு, அதப் பின்னால பாத்துக்கலாம். என் கவலை இந்தச் சின்னது. பதினாலு மில்லிமீட்டர். இது நல்லதா கெட்டதான்னு இந்த ஒரு படத்த வச்சு என்னால அடிச்சுச் சொல்ல முடியல."

"அப்புறம் என்ன செய்றது?" என்றாள் ஜெசிந்தா.

"ரெண்டு வழி. ஒண்ணு, மூணு மாசம் கழிச்சுத் திரும்ப எடுத்து வளருதான்னு பாக்கறது. கெட்டதா இருந்தா மூணு மாசம் வீணாப் போயிரும். இன்னொண்ணு, ஊசி விட்டுச் சதை எடுத்துப் பாக்கறது. முடிச்சுக்குப் பக்கத்துலயே இருக்கறதால ரத்தம் கசியற ஆபத்து இருக்கு." எங்களையே பார்த்தாள். "மூணாவது ஒண்ணு இருந்தா ரொம்ப நல்லது. பழைய படம். இதுக்கு முன்னால எப்பவாவது எம்ஆர்ஐ எடுத்திருக்கீங்களா? அப்பவே இது இருந்து, இதே அளவுல இருந்தா, கவலையே இல்ல."

ஜெசிந்தா இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள். நான் உண்டு என்றேன்.

என் மகள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதவில்லை.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், ஜூலை பதினேழு, வியாழக்கிழமை. சந்தியாகப்பர் கோயில் கொடியேறி மறுநாள். ஜெசிந்தா அப்போது திருப்பூரில் இருந்தாள். மதுரைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனவள் ரோக்கம்மா. என் தங்கச்சி. நீலப் பூப்போட்ட சேலை கட்டியிருந்தாள், மானாமதுரையில் இரண்டு பேரும் வெள்ளரிக்காய் தின்றோம். ஈரலில் புள்ளி இருக்கிறது, பயம் வேண்டாம், ஒரு வருஷம் கழித்துத் திரும்ப எடுத்துப் பாருங்கள் என்றார் அந்த டாக்டர். படம் ரோக்கம்மா பையில் இருந்தது. நாலாவது நாள், ஜூலை இருபத்தொன்று, திங்கட்கிழமை, காலை ஆறு மணி, அவள் கரையில் நின்று படகுக்காரியிடம் எல்லார் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னாள்: "எங்கக்காவுக்கு ஈரல்ல கட்டி இருக்கு. இனிமே அவள ஏத்தாதீக."

ஏற்றவில்லை. எந்தப் படகும் ஏற்றவில்லை. நாற்பத்து நாலு வருஷம் எனக்கு மேலே இருந்து கல் தட்டியவள் அவள்தான். அவளே என்னைக் கரையில் போட்டாள். அன்றைக்கே மண்டபத்தில் சின்னதாக வீடு பிடித்து வந்துவிட்டேன். அவள் புருஷன் இறந்தபோது போனேன், வாசலில் நின்றேன், திரும்பினேன். அதோடு சரி.

படம் எடுத்த இடத்துக்கு ஜெசிந்தா அலைந்து பார்த்துவிட்டாள். இப்போது அங்கே செல்போன் கடை.

சாப்பாடு: நினைவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

ஜெசிந்தா பாம்பனுக்குப் போய்வந்தாள். வெறும் கையோடு வந்தாள்.

"படம் இருக்குதாம். குடுக்க மாட்டாகளாம்."

"பாத்தியா? பாத்தியா அவ புத்திய?"

"உங்கம்மாவ வந்து கேக்கச் சொல்லுன்னாக. உயிரு அவளோடது, காலு மட்டும் ஒன்னோடதான்னு கேக்குறாக சின்னம்மா."

அவளுக்கு வாய் எப்போதுமே நீளம். அவள் இளைத்துவிட்டாளா என்று கேட்டேன். எதற்குக் கேட்கிறாய் என்றாள் ஜெசிந்தா. சும்மா கேட்டேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா திருநாள் பூசை. ஜெபத்தில் மன்னிக்கிற இடம் வந்தபோது எனக்கு இருமல் வந்துவிட்டது.

சாப்பாடு: ஆட்டுக்கறி, இரண்டு துண்டுதான். வலி: உண்டு. கறியால் இருக்கும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஊசி போட இருபத்தைந்தாம் தேதி குறித்திருக்கிறார்கள். ஜெசிந்தா தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து சமையல்கட்டில் நின்று அழுதாள். குழாயைத் திறந்துவிட்டிருந்தாள், எனக்குக் கேட்காது என்று.

ஒரு விஷயம் விட்டுப்போயிற்று, எழுதிவிடுகிறேன். அன்றைக்கு ரோக்கம்மா என்னை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனதற்கு முந்தின வாரம் ஒருநாள் அடியில் பாசி பிய்த்துக்கொண்டிருந்தபோது எனக்குக் கொஞ்சம் கண் அயர்ந்தது. அவ்வளவுதான். கண்ணைத் திறந்தபோது படகில் கிடந்தேன். வாயில் உப்பு. உச்சந்தலையில் ஒரு கை முடியைக் காணவில்லை. நீரோட்டம் இழுத்துவிட்டது என்று சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். ஒருத்தி மட்டும் நம்பவில்லை. அவள் கையில் முடி இருந்தது.

அந்த இடத்தில் இன்னும் சரியாக முளைக்கவில்லை. சீப்பு போகும்போது தெரியும்.

ஆகஸ்ட் 20, புதன்

பாம்பனுக்குப் போனேன். தனியாகப் போனேன். பாலத்தில் பஸ் மெதுவாகப் போனது. இரண்டு பக்கமும் தண்ணீர், நான் எதிரே இருந்தவரின் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு போனேன்.

கரைக்குப் போய் நின்றேன். படகுகள் திரும்புகிற நேரம். மூன்றாவது படகில் அவள் இருந்தாள். இளைத்துத்தான் இருக்கிறாள். தலை முழுக்க வெள்ளை. பாசி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு இடுப்புத் தண்ணீரில் நடந்து வந்தவள் என்னைப் பார்த்தாள், நிற்கவில்லை.

"யாரு அது, கரையில தூணு மாதிரி?"

"கண்ணு தெரியலையா ஒனக்கு?"

"கண்ணு தெரியுது. வாயி இருக்கான்னு பாத்தேன்."

மூட்டையைப் போட்டாள். தண்ணீர் வடிந்தது. அந்த வாசனை. அதைப் பற்றி எழுதவில்லை.

"படம் வேணும்" என்றேன்.

"எந்தப் படம்?"

"என் படம்."

"பதினோரு வருசமா வேணாம்."

"இப்ப வேணும்."

"கேளு."

"கேட்டுட்டேன்ல?"

"இது கேக்குறதா? கடையில உப்புக் கேக்குற மாதிரி இருக்கு."

சுற்றி நின்ற பொம்பளைகள் எல்லாரும் பாசியை உதறுகிற மாதிரி உதறிக்கொண்டு எங்களைத்தான் பார்த்தார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்னால் பார்த்த அதே இடம். எலும்பு துறுத்திக்கொண்டிருந்த அவள் தோளைப் பார்த்தேன்.

"ரோக்கு," என்றேன். "ஊசி போடப் போறாக. எனக்குப் பயமா இருக்கு."

இதை நான் ஜெசிந்தாவிடம்கூடச் சொல்லவில்லை.

அவள் மூட்டையை அப்படியே விட்டுவிட்டு நடந்தாள். நான் பின்னால் போனேன். அதே ஓலைக் குடிசை, இப்போது மேலே தார்ப்பாய் போட்டிருக்கிறாள். சமையல்கட்டுக்குள் கூப்பிட்டாள். அடுப்புக்கு மேலே ஜன்னல். அதில் கறுப்பாக ஒன்று நாலு மூலையிலும் ஆணி அடித்து மாட்டியிருந்தது. வெளிச்சம் பின்னால் இருந்து அடிக்க, அதற்குள் சின்னச் சின்னக் கட்டமாக என் வயிறு. ஒவ்வொரு கட்டத்திலும் என் ஈரல். புகை படிந்திருந்தது, ஆனால் தெரிந்தது.

"இத எதுக்குடி இங்க அடிச்சு வச்சுருக்க?"

"சமைக்கையில மூஞ்சியில வெயிலு அடிச்சுச்சு. அதுக்கு மறைப்பு."

"ஒரு வருசம் கழிச்சுப் பாக்கணும்னு சொன்னாரே அந்த டாக்டரு, பாத்தியா?" என்று அவளே கேட்டாள்.

"இல்ல."

"எனக்குத் தெரியும் ஒன் பிடிவாதம். நான் பாத்தேன். தெனமும் அடுப்புப் பத்த வைக்கும்போது பாப்பேன். இந்தா, இந்தச் சின்னது. வளரவே இல்லக்கா."

"படம் எப்படிடி வளரும், கூறுகெட்டவளே?"

"வளரலல்ல? அதச் சொல்லு."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் சிரிக்கவில்லை. கட்டைவிரலால் ஆணிகளை நெம்பி எடுத்தாள். மற்ற இரண்டு படங்களைச் சந்தியாகப்பர் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்து, உறையோடு கொடுத்தாள். உறை மடங்கக்கூட இல்லை.

திரும்பி வரும்போதுதான் யோசித்தேன். அந்த ஜன்னல் வடக்குப் பார்த்தது. வடக்கு ஜன்னலில் ஏது வெயில்?

வலி: பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மதுரை. ரோக்கம்மாவும் வந்தாள். நான் கூப்பிடவில்லை. "போன தடவையும் நாந்தானே வந்தேன்" என்று ஏறி உட்கார்ந்துவிட்டாள். பரமக்குடி வரை நாங்கள் பேசவில்லை. மானாமதுரையில் வெள்ளரிக்காய் வாங்கினாள். பெரிய துண்டை எனக்குக் கொடுத்தாள். 1971இல் பனங்கிழங்கில் பெரிய பாதியை அவள் எடுத்துக்கொண்டாள், அதை நான் மறக்கவில்லை.

ஜன்னல் படத்தை நர்ஸ் ஈரப் பஞ்சால் துடைத்தாள். பஞ்சு கறுப்பாக வந்தது. "இது என்ன, அடுப்புக்கரியா?" என்றாள் டாக்டர் வான்மதி. ரோக்கம்மா மேலே பார்த்தாள்.

படத்தை வெளிச்சப் பலகையில் சொருகி, பக்கத்தில் கம்ப்யூட்டரில் புதுப்படத்தை வைத்து, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள். அளவுகோல் வைத்தாள். ஜெசிந்தா என் கையைப் பிடித்திருந்தாள். நான் மூச்சை அடக்கினேன். ஒன்று முடிந்தது. இரண்டு முடிந்தது. மூன்றாவது பாதியில் டாக்டர் திரும்பினாள்.

"அன்னைக்குப் பதிமூணு. இன்னைக்குப் பதினாலு. அளக்கறதுலயே ஒரு மில்லி கூடக் குறையும். அதே இடம், அதே உருவம். பதினோரு வருசமா சும்மா உக்காந்திருக்கு. ஊசி வேண்டாம்மா."

ஜெசிந்தா மேஜையில் தலை வைத்து அழுதாள். ரோக்கம்மா டாக்டரிடம், "நான் அப்பவே சொன்னேன், வளரலன்னு" என்றாள்.

"ஆனா விட்டுறக் கூடாது," என்றாள் டாக்டர். "ஆறு மாசம் கழிச்சு ஒருதரம், அப்புறம் வருசத்துக்கு ஒருதரம் எடுத்து ஒப்பிட்டுப் பாக்கணும். இந்தப் படங்கள் எல்லாத்தையும் பத்திரமா வச்சிருங்க. ஆணி அடிக்காம."

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பூசை முடிந்து, பழையதும் புதியதுமாக எல்லாப் படங்களையும் எடுத்துக்கொண்டு பாம்பனுக்குப் போய் ரோக்கம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். "எதுக்கும்மா? நம்ம வீட்டுலயே இருக்கட்டுமே" என்றாள் ஜெசிந்தா. நம் வீட்டில் ஈரம் ஏறும், படம் கெட்டுப்போகும் என்றேன். ஜெசிந்தா கான்கிரீட் கூரையைப் பார்த்தாள், பீரோவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கடல் வாசலுக்கு வருகிற ஓலைக் குடிசையை நினைத்திருப்பாள்.

இதை வைத்து நான் அவளை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஜூலை இருபத்தொன்று, திங்கட்கிழமை, காலை ஆறு மணி. அது அப்படியே இருக்கிறது.

பஸ் ஏற்றிவிட வந்தாள். நான் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். கீழே நின்றவள் என்ன நினைத்தாளோ, பஸ்ஸின் தகரத்தில் கையால் தட்டினாள். இரண்டு தட்டு. கண்டக்டர்தான் தட்டுகிறார் என்று டிரைவர் வண்டியை எடுத்துவிட்டார். டீக்கடையில் நின்ற கண்டக்டர் கத்திக்கொண்டே ஓடிவந்து தொற்றினார். பஸ்ஸில் எல்லாரும் சிரித்தார்கள்.

பாலம் வந்தது. இந்தத் தடவை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

படம் பத்திரமாக இருக்கிறதா என்று நடுநடுவில் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதம் என்பது ரொம்ப நாள். புதன்கிழமை போகலாம்.

சாப்பாடு: ரோக்கம்மா வீட்டில் ஊளி மீன் குழம்பு, இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். புளி கொஞ்சம் கூடுதல். வலி: இல்லை.